ஒரே பிரிவு, இரண்டு தண்டனை

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

வாண்டு எழுதுகிறேன். போனை அணைத்துத் துணி அலமாரிக்குள் போட்டுவிட்டேன். பத்திரிகைக்காரர்கள் விட்டபாடில்லை. அதனால்தான் கடிதம். என் கோழிக் கிறுக்கலைப் பார்த்துச் சிரிக்காதே.

தீர்ப்பு வந்துவிட்டது அக்கா. என் வீட்டுக்காரர் திரும்பி வந்துவிட்டார். பக்கத்து அறையில் சட்டையைக்கூடக் கழற்றாமல் தூங்குகிறார்.

நீதிபதி "இரண்டு ஆண்டு" என்று வாசித்ததும் எனக்குக் காது அடைத்துவிட்டது. அதற்கப்புறம் அவர் சொன்னது எதுவும் விழவில்லை. வக்கீல்தான் குனிந்து, "நிறுத்தி வச்சுட்டாங்கம்மா, ஜெயில் கிடையாது. ஏன் அழறீங்க?" என்றார். ஒரு வருஷம் வண்டி ஓட்டக்கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித்தர வேண்டும். அவ்வளவுதான். விளையாட்டு வீரனின் காலம் ரொம்பக் குறுகியது, சிறைக்கு அனுப்பினால் அது அங்கேயே முடிந்துவிடும், இப்படி ஒரு கோல்கீப்பரை வீணாக்கக் கோர்ட்டுக்கு மனம் வரவில்லை என்றாராம்.

வெளியே வந்தபோது, காலையில் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போன அதே போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி நீட்டினார். "பையனுக்கு சார், ஒரு கையெழுத்து." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவர் மறுக்கத் தெரியாமல் போட்டுக்கொடுத்தார். அது அவர் கையெழுத்து மாதிரியே இல்லை.

அந்தம்மாவும் வந்திருந்தார். அதுதான் அக்கா, பழைய துணி திருத்தித் தைக்கும் கடை வைத்திருந்தாரே, அவர். கடைசி பெஞ்சில் ஊன்றுகோல்கள் இரண்டையும் மடிக்குக் குறுக்கே வைத்து உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே பாவாடை தட்டையாகக் கிடந்தது. வெற்றி விருந்தில் இவர் அந்த இரண்டு கிளாஸைத் தொடாமல் இருந்திருந்தால், தொட்டபிறகாவது வண்டியை எடுக்காமல் இருந்திருந்தால், அந்தம்மா அன்று அடிபடாமல் சாலையைக் கடந்து வீட்டுக்குப் போயிருப்பார். யாரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும்தான்.

நீ வரவில்லை என்பது ஒரு குறை. கோர்ட்டிலேயே வேலை பார்க்கிறவளுக்குக் கோர்ட்டுக்கு வர லீவு இல்லையாம்! அத்தானிடம் சொல்லிச் சிரி.

உன் வாண்டு

*

பிப்ரவரி 18

என் செல்ல வாண்டுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸிலேயே பிரித்தேன். ஸ்டெனோ அறையில் நாலு பேர் இருக்கும்போதே அழுதுவிட்டேன். இத்தனை காலமாக நீதிபதி சொல்லச் சொல்ல யார் யாருக்கோ தண்டனையை டைப் அடித்திருக்கிறேன். ஒருவரின் வீட்டில் அந்தக் காகிதம் என்ன செய்யும் என்று இப்போதுதான் தெரிந்தது.

எங்கள் ஆபீஸ் முழுக்க உன் வீட்டுக்காரர் பேச்சுதான். "பூட்டைத் திறக்க முடியவில்லை" என்று பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கோலையே பூட்டிவிடுகிறார் என்று எவன் அவருக்குப் 'பூட்டு' என்று பட்டப்பெயர் வைத்தானோ! பியூன் அதை வெட்டி என் மேஜையில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். என் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க சித்தப்பா ஜெயிச்சுட்டார்" என்று பள்ளியில் சொன்னாளாம். அது ஜெயித்தது இல்லை என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? விட்டுவிட்டேன்.

மாப்பிள்ளையை நன்றாகச் சாப்பிடச் சொல். குடியை மட்டும் இனி கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்று அக்கா சொன்னதாகச் சொல். அப்புறம் ஒன்று. அந்தம்மாவை நீங்கள் இருவரும் ஒரு நடை போய்ப் பாருங்கள். வக்கீல் வேண்டாம் என்பார். அவர் சொல்வதை எல்லாம் கேட்க வேண்டியதில்லை.

உன் அக்கா

*

மார்ச் 22

அன்பு வாண்டுக்கு,

நீ பதில் போடவில்லை. பரவாயில்லை. ஆனால் இன்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் என்னால் சோறு தின்ன முடியாது.

இன்று ஒரு தீர்ப்பு டைப் அடித்தேன். ரொட்டி வேன் ஓட்டுகிறவன். விடியற்காலையில் சைக்கிளில் போன ஒரு காவலாளியை இடித்துவிட்டான். அவருக்கும் ஒரு கால் போய்விட்டது. மாப்பிள்ளை மேல் போட்ட அதே சட்டப் பிரிவுதான். இவன் குடிக்கவில்லை. முதலாளி இரண்டு ஆள் வேலையை ஒரே ஆள் தலையில் கட்டியதில் ஸ்டியரிங்கிலேயே கண் அசந்திருக்கிறான். இதற்குமுன் ஒரு வழக்கு கிடையாது.

அவனுடைய வக்கீல் சின்னப் பெண். மாப்பிள்ளையின் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். "ஐயா, அந்த வழக்குல சிறைக்குப் போனா தொழில் போயிடும்னு தண்டனைய நிறுத்தி வச்சாங்க. இவருக்கும் உள்ள போனா லைசென்ஸ் போயிடும், வேலையும் போயிடும். இவருக்குத் தெரிஞ்ச தொழில் இது ஒண்ணுதான்" என்றாள்.

எங்கள் நீதிபதி நல்லவர் வாண்டு. கோபமே வராது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அவர் கோல்கீப்பர்மா. இவர் வேற வேலை பார்த்துக்கலாமே" என்றார். கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். இரண்டு ஆண்டுச் சிறை. அப்போதே கூட்டிப்போனார்கள்.

என் விரல் நின்றுவிட்டது. "ஏம்மா, மிஷின் ரிப்பேரா?" என்று நீதிபதி கேட்டார். "இல்லைங்க ஐயா" என்று மீதியை அடித்துக்கொடுத்தேன். அவன் மனைவி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. வாயைத் திறந்தபடி அப்படியே நின்றாள். பிப்ரவரியில் நீயும் இப்படித்தானே நின்றிருக்க வேண்டியது என்று தோன்றியது.

மாப்பிள்ளை வெளியே இருப்பதில் எனக்குச் சந்தோஷம் இல்லை என்று நினைத்துவிடாதே. எனக்கு இதை வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

உன் அக்கா

*

மார்ச் 30

அக்காவுக்கு,

யாரிடம் சொல்வது என்று தெரியாமல் என்னிடம் சொன்னாயாக்கும். ஆற்றங்கரையில் இருக்கிறவளைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டு, நீச்சல் தெரியும் என்று நினைத்தேன் என்பது மாதிரி இருக்கிறது. அவரைப் பிடித்து உள்ளே போட்டிருந்தால் உனக்கு மனசு ஆறியிருக்குமா?

எனக்கு வந்த ஆத்திரத்தில் உன் கடிதத்தை அவருக்கே சத்தமாக வாசித்துக் காட்டினேன். "பாருங்க, என் கூடப் பிறந்தவ எழுதியிருக்கறத" என்றேன். அவரும் உன்னைத் திட்டுவார், இரண்டு பேருமாகத் திட்டி முடித்துவிட்டுத் தூங்கலாம் என்று நினைத்தேன்.

அவர் திட்டவில்லை. "அந்த டிரைவர் குடிக்கலையா?" என்றார். "இல்லையாம்" என்றேன். "நான் குடிச்சிருந்தேனே" என்றார். அவ்வளவுதான். மறுநாள் பயிற்சிக்குப் போகாமல் பஸ் ஏறி எங்கோ போய்விட்டு வந்தார். எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. மேஜையில் வைத்த சாப்பாடு வைத்தபடி இருக்கிறது.

கொஞ்ச நாள் எழுதாதே.

உன் தங்கை

*

மே 4

என் வாண்டு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். அடிக்கவேண்டும் என்றால் நேரில் வந்து அடி.

ஆபீஸ் கேன்டீனில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கிறேன், மாப்பிள்ளை! ஆட்டம் முடிந்து கையுறையைக்கூடக் கழற்றவில்லை. நிருபர் ஏதோ பெனால்டி பற்றிக் கேட்கிறான். இவர், "அத விடுங்க. நான் குடிச்சிட்டு ஓட்டினேன், ஒரு அம்மாவோட கால் போச்சு, நான் பந்து பிடிக்கறேன். குடிக்காத ஒரு டிரைவர் அதே தப்புக்கு உள்ள இருக்கார். கோல்கீப்பர்ங்கறதாலதான நான் வெளிய இருக்கேன்? இது நியாயமா?" என்கிறார். என் கையிலிருந்த டீ கொட்டியதில் சூடுகூட உறைக்கவில்லை.

என்ன காரியம் வாண்டு இது! அரசு வக்கீல்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்கள். "அவரே சொல்கிறார், தண்டனை போதாது" என்று மேல்கோர்ட்டுக்குப் போவார்கள். எங்கள் ஆபீஸில் இப்போதே அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். உணர்ச்சிவசப்பட்டுப் பேசிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல். காலில் விழுகிறேன்.

நான் நியாயம் பேசியது உன்னிடம், காகிதத்தில். அது எழுந்து உன் வீட்டுக்குள் நடந்து வரும் என்று நினைக்கவில்லை.

உன் அக்கா

*

மே 19

அக்காவுக்கு,

நீ சொன்னபடியே நடந்துவிட்டது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்துவிட்டது. கிளப் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டது. முதலில் எங்கள் வாசலில் மாலையோடு நின்றவர்களே இப்போது, "பெரிய யோக்கியன் வந்துட்டான், இந்த வருஷக் கோப்பையைக் கெடுத்துட்டான்" என்று சுவரில் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

அன்று பஸ் ஏறி எங்கே போனார் என்று இப்போது சொன்னார். அந்தத் தையல்கார அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார். நீ சொன்னாய், நான்தான் நாளை நாளை என்று தள்ளினேன். தனியாகவே போயிருக்கிறார். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அந்தம்மா கதவைத் திறந்து, ஆளைப் பார்த்துவிட்டு, உட்காரச் சொல்லிவிட்டு, "தம்பி, மிஷினை எந்தக் காலால மிதிக்கறதுன்னு நீயே சொல்லு" என்றாராம். கோபமாகக் கேட்கவில்லையாம். நிஜமாகவே அவருக்கு அது தெரியவில்லை. இரண்டு காலாலும் மிதித்துப் பழகிய பழைய மிஷின்.

எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவது என்று இவர் அங்கிருந்து இறங்கி வரும்போதே முடிவு செய்துவிட்டாராம். "உங்க அக்கா எழுதலைன்னாலும் நான் தூங்கியிருக்க மாட்டேன்" என்றார். உன்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறார். எனக்குத் தெரியும்.

என் ஆத்திரம் அடங்கவில்லை அக்கா. உன் மேலா, அவர் மேலா, வாசித்துக் காட்டிய என் வாய் மேலா, ஒன்றும் புரியவில்லை.

உன் தங்கை

*

ஆகஸ்ட் 21

அன்பு வாண்டுக்கு,

"பூட்டுக்கே பூட்டு" என்று பத்திரிகையில் போட்டிருக்கிறான். பேப்பரைக் கிழித்துப் போட்டேன்.

மேல்கோர்ட்டுத் தீர்ப்பின் நகல் இன்று எங்கள் ஆபீஸுக்கு வந்தது. அரசுத் தரப்பு போட்டது, ரொட்டி வேன் டிரைவர் போட்டது, இரண்டு மேல்முறையீட்டையும் ஒன்றாகவே விசாரித்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு இரண்டு ஆண்டு, நிறுத்தி வைப்பு ரத்து. இது டிவியிலேயே தெரிந்துவிட்டது. அடுத்த பக்கத்தைத்தான் நான் நாலு தடவை படித்தேன். ரொட்டி வேன் டிரைவரின் மனு தள்ளுபடி. காரணம் என்ன தெரியுமா? அந்தச் சின்ன வக்கீல் பெண்ணின் வாதமே, ஒரே குற்றத்துக்கு ஒருவருக்குச் சிறை, ஒருவருக்கு இல்லை என்பதுதானே? "தற்போது இருவருக்கும் ஒரே தண்டனை என்பதால் மனுதாரரின் குறை நீங்கிவிட்டது" என்று எழுதியிருக்கிறார்கள்.

குறை நீங்கிவிட்டதாம் வாண்டு! மேலே இருந்தவனைக் கீழே இறக்கிவிட்டு, கீழே கிடந்தவனிடம், பார், சமமாகிவிட்டாய் என்கிறார்கள். இப்படி ஒரு வரியை நான் இதுவரை டைப் அடித்ததில்லை. பிழை என்றும் சொல்ல முடியவில்லை. சரி என்றும் சொல்ல நாக்கு எழவில்லை.

நான் வரட்டுமா? லீவு கேட்டாகிவிட்டது. நீ ம் என்றால் போதும்.

உன் அக்கா

*

செப்டம்பர் 14

வாண்டு,

சாப்பிடுகிறாயா? அதை மட்டுமாவது எழுது.

அக்கா

*

அக்டோபர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன்.

அவர் நன்றாக இருக்கிறார். இளைத்துவிட்டார். அவரைச் சமையல்கட்டில் போட்டிருக்கிறார்கள். உள்ளே பந்து விளையாடக் கூப்பிட்டார்களாம், மாட்டேன் என்றுவிட்டாராம். டிரைவரும் அதே சிறைதான். இவர் ஒரு தடவை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாராம். அதைச் சொல்லும்போதுதான் இவர் குரல் உடைந்தது. கோர்ட்டில்கூட அப்படி உடையவில்லை.

போன ஞாயிறு பார்வையாளர் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பெண். திரும்பி, "தலையில ஹேர்பின் இருந்தா எடுத்துடுங்க, மிஷின் கத்தும், மறுபடி கடைசில நிக்க விடுவாங்க" என்றாள். எடுத்தேன். அவளே என் பையைப் பிடித்துக்கொண்டாள். பேச்சுக் கொடுத்ததில் தெரிந்தது, டிரைவர் மனைவி. நான் யார் என்று அவளுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. நான்தான் அசடு.

வரிசை நகர்ந்தது. பிறகு கேட்டாள்: "அக்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் வெளிய இருந்திருந்தா, அவர காட்டியே என் வீட்டுக்காரர வெளிய கொண்டு வந்திருப்பேன்னு வக்கீலம்மா சொன்னாங்க. அவரு நல்லது நினைச்சுதான் செஞ்சாரு. எனக்குப் புரியுது. ஆனா அவரு உள்ள வந்ததுல எங்களுக்கு என்னங்க கிடைச்சுது?"

நான் இத்தனை மாதமும் என் வீட்டைத்தான் நினைத்து அழுதிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரியாது. நான் யோசிப்பதற்குள் அவள் முறை வந்துவிட்டது. பையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

உன் மேல் இருக்கிற கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் இருக்கிறது. நீ அந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்திருந்தால் என் அக்காவாகவும் இருந்திருக்க மாட்டாய், அதுவும் தெரிகிறது.

இனி கடிதம் வேண்டாம். வரும் ஞாயிறு வா. அவளும் வருவாள், மறுபடி கேட்பாள். வரிசையில் என் பக்கத்தில் நில். அவளுக்குச் சொல்ல உன்னிடம் பதில் இருந்தால் கொண்டு வா. இல்லாவிட்டாலும் வா.

உன் வாண்டு