சுண்ணாம்பில் செய்த கதவுகள்

ஐயா,

பழைய வரைபடச் சுருளைப் பிரித்தபோது உங்கள் பாரிஸ் படம் கீழே விழுந்தது. உங்கள் மைத்துனர் அங்கிருந்து அனுப்பிய தபால் அட்டை. மூலையில் உங்கள் வெற்றிலைக் கறைகூட அப்படியே இருக்கிறது. நீங்கள் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. உங்களோடு பேச எனக்கு இப்போதுதான் துணிவு வந்திருக்கிறது, அதுவும் எழுத்தில்.

யுத்தத்துக்கு முன் அந்த அட்டையை என் மேஜையில் வைத்து, இதே வீடு திண்டிவனத்தில் வேண்டும் என்றீர்கள். நான் தாழ்வாரம் வரைந்தேன். படத்தில் இல்லையே என்று அழிக்கச் சொன்னீர்கள். மேற்குச் சுவரில் ஆறு கண்ணாடி ஜன்னல்கள். திண்டிவனத்து வெயில் போதாதென்று குளிர்காய ஒரு கணப்படுப்பு. படத்தில் ஒவ்வொரு ஜன்னலின் இருபுறமும் சட்டம் சட்டமாக ஏதோ தெரிந்தது. அது அலங்காரம் என்று நீங்களே தீர்மானித்து, சுண்ணாம்புக் காரையில் செய்யச் சொன்னீர்கள்.

கிளியனூர் மேஸ்திரி கரணையைக் கீழே வைத்தார்.

"ஐயா, அது கதவுங்க. புதுச்சேரியில தெனம் பாத்துக்கினு இருந்தவன் நான். வெயில் ஏறினா சாத்திடுவாங்க. காரையில செஞ்சுட்டா எதைங்க சாத்தறது?"

சித்தாட்கள் சிரித்துவிட்டார்கள். அதுதான் உங்களுக்குப் பொறுக்கவில்லை. பாரிஸைப் பற்றி ஒரு கொத்தன் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலை உங்களுக்கு வரவில்லை என்றீர்கள். பிறகு என் பக்கம் திரும்பினீர்கள்.

"படிச்சவன் நீ. நீ என்ன சொல்றே?"

முந்தின நாளே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருந்தேன். கீல்கள் தெரிந்தன. பக்கத்துக்கு மூன்று என்று எண்ணிக் குறித்தும் வைத்திருந்தேன்.

"மேஸ்திரிக்குப் படம் பாக்கத் தெரியாதுங்க" என்றேன்.

அன்றே அவரை அனுப்பிவிட்டீர்கள். ஊரில் வேறு யாரும் அவருக்கு வேலை கொடுக்காதபடி சொல்லியும் வைத்தீர்கள். கரணையும் தூக்குக்குண்டுமாக அவர் தம் மனைவியோடு கிளியனூர் பக்கம் நடந்தார்.

முதல் சித்திரையிலேயே உங்கள் ஜன்னல்களின் யோக்கியதை தெரிந்தது. மத்தியானம் சாப்பிட்ட கையோடு குடும்பமே கொல்லைக்கு ஓடியது. சுண்ணாம்பு அரைக்க மேஸ்திரி போட்ட கீற்றுக் கொட்டகை அங்கே நின்றது. அதற்கு வருஷா வருஷம் கீற்று மாற்றினீர்கள். வீட்டுக்கு ஒரு தாழ்வாரம் இறக்கக் கௌரவம் இடம் தரவில்லை. யுத்த காலமெல்லாம் அந்த நிழலில் கட்டிலில் சாய்ந்து, ஐரோப்பாவில் எத்தனை அழகான வீடுகள் குண்டு விழுந்து போயின என்று பத்திரிகை பார்த்து வருந்தினீர்கள். கொட்டகை போட்டவர் என்ன ஆனார் என்று ஒரு வார்த்தை இல்லை. நானும் பக்கத்தில் நின்று "ஆமாங்க" என்றேன்.

படம் பார்க்கத் தெரியாதவர் நீங்கள்தான் ஐயா. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றும் தெரியவில்லை. நீங்கள் தெரியாமல் செய்தீர்கள். நான் தெரிந்தே செய்தேன்.

விழுப்புரத்தில் என் அறைக்கும் மேற்கே ஒரு ஜன்னல் உண்டு. மரக்கதவு. பக்கத்துக்கு மூன்று கீல். மூன்று மணிக்குச் சாத்துகிறேன். கீல் கிறீச்சிடும்போது "நீ என்ன சொல்றே?" என்ற உங்கள் குரல் காதில் விழுகிறது.

"அது கதவுங்க" என்கிறேன், தினமும். அறையில் யாரும் இல்லை.