முன்நெற்றியில் இரண்டு விரல்

ஏப்ரல் 21, 1884. ப்லெஸ்தேன்

காலையிலிருந்து மழை. இந்த வருஷத்து முதல் சந்தை, ஆறு தலைதான் தேறியது. அதில் ஒன்று பேன் புற்று, ஒன்று கிழவியின் வைக்கோல். மற்றவை மோசமில்லை. இந்தக் கடற்கரைப் பெண்களுக்கு முடி நன்றாகவே வளர்கிறது. உப்புக்காற்றோ மீன் சாப்பாடோ, எதுவோ. மூளைக்குப் போகவேண்டிய சத்தும் முடிக்கே போய்விடுகிறது என்று நினைக்கிறேன்.

வண்டிக்குப் பின்னால் ஒரு படுதா, ஒரு முக்காலி, கத்தரிக்கோல். முடிக்கு விலையாகப் பூப்போட்ட துணியை விரித்துக் காட்டினால் போதும், தலை தானாக வந்து உட்காரும். தயங்குகிறவளுக்கு என் பழைய வசனம் இருக்கிறது: "குல்லாய்க்குள்ள என்ன இருக்குன்னு யாரும்மா பாக்கப்போறா?" உண்மைதானே. இங்கே நினைவு தெரிந்த நாள் முதல் சாகும்வரை பெண் தலையில் கஞ்சி போட்ட வெள்ளைக் குல்லாய். வெளியே தெரிவது முன்நெற்றியில் இரண்டு விரல் அகலத்துக்கு முடி. அந்த இரண்டு விரலை விட்டு மீதியை ஒட்ட வெட்டினால் கூடப்பிறந்தவளுக்குக்கூடத் தெரியாது. அதை விடுவதுதான் எங்கள் தொழிலின் மரியாதை.

ஏப்ரல் 29

பாதை முழுக்கச் சேறு. குதிரை என்னை இழுத்ததா, நான் குதிரையை இழுத்தேனா!

மே 3. கெர்வென்

ஜாக்கேஸ் மாமாவின் சத்திரத்தில் தங்கல். அவர் இன்று எல்லோர் முன்னாலும் என் உள்ளங்கையில் அடித்து, மகள் லெவெனெஸை எனக்கே தருவதாக வாக்குக் கொடுத்தார். அறுவடை முடிந்து செப்டம்பரில் கல்யாணம். அவருக்கு ஆண்பிள்ளை இல்லை, சத்திரமும் பின்னால் எனக்குத்தான். ஆனால் நான் சத்திரத்துக்காகக் கட்டவில்லை. லெவெனெஸின் தலைக்காகக் கட்டுகிறேன். இதை இங்கே எழுதலாம், வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு கிணற்றடியில் தலை காய வைத்துக்கொண்டிருந்தாள். ஆள் வருவது தெரியாமல். முதுகைத் தாண்டி இடுப்பைத் தாண்டி இறங்கிய முடி, பழுத்த கோதுமை நிறம், நுனியில் துருச் சிவப்பு. ஒரு கணம்தான். உள்ளே ஓடிவிட்டாள். அதற்குப் பிறகு எத்தனை தலையைப் பிடித்திருக்கிறேன், எதைப் பிடித்தாலும் அதுவாக இருக்காதா என்றுதான் இருக்கிறது.

அம்மாவை நான் முடியோடு பார்த்ததே இல்லை. வளர வளர விற்றுவிடுவாள். ஒருமுறை காய்ச்சலில் குல்லாய் நழுவியது. ஆம்பிளைத் தலை. யாரோ அம்மாவின் படுக்கையில் கிடக்கிறான் என்று நினைத்து வீரிட்டேன். ஊர்த் தலையெல்லாம் வெட்டினாலும் என் வீட்டில் ஒரு தலை முழுசாக இருக்கவேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

மே 17. லானியோன்

நல்ல கூட்டம். நல்ல வியாபாரம். ஒரு திமிர்பிடித்தவளையும் பார்த்தேன்.

பெயர் தீனா. கறுத்த முடி, கனம். கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாம், சீருக்குத் துணி வேண்டுமாம். முக்காலியில் உட்கார்ந்து என்னோடு பேரம் பேசினாள். பேசட்டும். திடீரென்று படுதாவைத் தாண்டிக் கேட்கிற மாதிரி, "ஏன் முடிக்காரரே, இவ்ளோ முடி கைவழியாப் போகுதே, உங்க தலைக்கு நாலு ஒட்டிக்கக் கூடாதா? மழைத் தண்ணி சட்டுனு வழுக்கிட்டுப் போகுது பாவம்" என்றாள். வெளியே வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பின்பக்கம் வெட்டினேன். பக்கவாட்டில் வெட்டினேன். கடைசியில் முன்நெற்றியையும் ஒரே வெட்டு, தோலோடு ஒட்ட.

அவள் கையை வைத்துப் பார்த்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள். "இதை விடணுமே... இதை விடுவாங்களே" என்று ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். "கை தவறிருச்சும்மா, மழைல கத்தரி வழுக்குது பாரு" என்றேன். இப்போது யாரும் சிரிக்கவில்லை. குல்லாயைப் புருவம் வரை இழுத்துக்கொண்டு போனாள். முட்டை ஓட்டுக்குத் துணி கட்டின மாதிரி இருந்தது.

கை தவறவில்லை. இரவு நன்றாகத் தூங்குவேன் என்றும் எழுதிவைக்கிறேன்.

ஜூன் 9. த்ரெகியே

சந்தையில் பேச்சு: லானியோன் பெண்ணின் நெற்றியைப் பூசையில் மாப்பிள்ளையின் அம்மா பார்த்துவிட்டாளாம். "முடியை வித்தவ நாளைக்கு என்னத்தை விக்கமாட்டா" என்று சம்பந்தத்தை முறித்துவிட்டாளாம். அந்த அம்மாவின் தலையை நான் ஏழெட்டு தடவை வெட்டியிருக்கிறேன். சிரிப்பு வந்தது.

ஜூலை 6. கெர்வென்

லெவெனெஸ் சாப்பாடு பரிமாறினாள். அடை, வெண்ணெய், உப்புக்கண்டம். அப்பா உள்ளே போனதும் ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"லானியோன்ல தீனான்னு ஒருத்திக்கு முடி வெட்டினீங்களாமே."

"எத்தனையோ பேருக்கு வெட்டுறேன்."

"நானும் அவளும் மடத்துப் பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சு. என் கல்யாணத்துக்குத் தோழி அவதான்."

இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால்? தெரிந்திருந்தாலும் செய்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. எல்லோரையும் சிரிக்கவைத்தாளே!

"கை தவறிருச்சு" என்றேன்.

"கைதானா தவறுச்சு?"

"ஒரு கெஜம் துணி வேணா குடுத்தனுப்புறேன்."

அவள் என் குவளையில் ஆப்பிள் மதுவை விளிம்புவரை ஊற்றிவிட்டுப் போனாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. வாயாடாத பெண் வீட்டுக்கு நல்லது.

ஆகஸ்ட் 15. பெரோஸ்

மாதா திருவிழா. கொடிகள், கூட்டம், வெயில். தீனா வந்தாள். குல்லாய் இன்னும் புருவத்தில்தான். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று கத்தரியை ஓரமாக வைத்தேன். அவள் மடியிலிருந்து ஒரு துணிச்சுருளை எடுத்து முக்காலிமேல் பிரித்தாள்.

இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு முடியைத் தொட்டதில்லை. என் கையைவிட நீளம். அடியில் கோதுமை, நுனியில் துரு. விரலுக்கு நடுவில் வழுக்கிக்கொண்டே போகிறது, பிடிக்க முடியவில்லை.

"யார் தலை இது?"

"அதையெல்லாம் கேட்டுத்தான் வாங்குவீங்களா?"

"செத்தவ முடின்னா வாங்கமாட்டேன்."

"நல்லா உசிரோட இருக்கா. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. முடிக்காரர் தன் கையால தடவிப் பாத்து, பிடிச்சிருக்குன்னு வாயால சொல்லணுமாம்."

"பிடிச்சிருக்கு."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னேன். பைத்தியக்காரி என்று நினைத்துக்கொண்டேன். சிவப்புப் பூத்துணி அளந்து கொடுத்தேன், அளவில் அரை கெஜம் குறைத்து. அவள் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் பேசவில்லை.

கிணற்றடி ஞாபகம் வந்தது. அதே ஜாதி நிறம். ஆனால் நான் அதைத் தொட்டதில்லையே. வெயிலில் பார்க்கும் நிறத்தை நம்பக்கூடாது, முடியைக் கைதான் அறியும். லெவெனெஸின் முடி இதைவிட மென்மையாக இருக்கும். இருக்கவேண்டும்.

ஆகஸ்ட் 22

அந்த முடியைப் பெட்டியில் மற்றதோடு போட மனம் வரவில்லை. தனியாக வைத்திருக்கிறேன். தினமும் ஒருமுறை எடுத்துப் பார்க்கிறேன். கிழவன் மாதிரி ஆகிவிட்டேன்.

செப்டம்பர் 2. மோர்லே

பாரிஸ் தரகர் அதைப் பார்த்ததும் பேரம் பேசாமல் பணத்தை எண்ணினார். அந்த ஒரு தலையின் விலைக்கே தச்சனிடம் கல்யாணக் கட்டில் வாங்கிவிட்டேன். அலமாரி மாதிரி ஓக் மரப் பெட்டி, இழுக்கும் கதவு, கதவில் சக்கரம் சக்கரமாகச் செதுக்கல். உள்ளே படுத்துக் கதவை இழுத்தால் உலகம் கிடையாது. முடி போனது வருத்தம்தான். வீட்டில் அதைவிட நல்லது காத்திருக்கும்போது என்ன வருத்தம்.

செப்டம்பர் 16. கெர்வென்

கல்யாணம். கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண ஓலையைத் தடங்கல் இல்லாமல் வாசித்திருந்தார்கள். லெவெனெஸ் தலைநிமிர்ந்து வந்தாள். முன்நெற்றியில் இரண்டு விரல் அகலம் பொன்னாகத் தெரிந்தது. சாமியார் என்ன சொன்னார் என்று தெரியாது, நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோழி தீனாதான். என்னைப் பார்த்து வணக்கம் சொன்னாள். ஊர்வலத்தில் எல்லோரும் ஆடினார்கள். நானும்.

செப்டம்பர் 17

முதல் இரவு ஆண்டவருக்கு. அதுதான் இங்கே வழக்கம். அவள் குல்லாயோடு படுத்தாள்.

செப்டம்பர் 18

இரண்டாம் இரவு மாதாவுக்கு. கதவு மூடிய கட்டிலில் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டு கிடந்தேன். ஒரு கை தூரத்தில் இருக்கிறது. பொறுமை.

செப்டம்பர் 19

என்னால் எழுத முடியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

மூன்றாவது நாள் புருஷனுக்கு. பொழுது சாய்வதற்குள்ளேயே அறைக்கு வந்து சன்னல் பக்கம் நின்றாள். "வெளிச்சம் இருக்கும்போதே பாத்துக்குங்க" என்றாள். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டாள். குல்லாயைத் தூக்கினாள்.

மொட்டை. அறுத்த வயல் மாதிரி. அங்கே இங்கே விரல் நக அளவுக்கு முளைத்திருந்தது. முன்நெற்றியும் அப்படித்தான். அந்த இரண்டு விரல் பொன் குல்லாயோடே வந்துவிட்டது, உள்ளே நூலால் தைத்திருந்தது. கோயிலில் நான் கண்ணை எடுக்காமல் பார்த்தது. நான்! ஒட்டுமுடியை எட்டடி தூரத்தில் கண்டுபிடிப்பேன் என்று சந்தை சந்தையாகப் பீற்றிக்கொண்டவன்.

"யாரு... யாரு வெட்டினது?"

"தீனா. முன்னாலயும் வெட்டச் சொன்னேன். அவ கை தவறல."

"எங்க அது? எங்க வெச்சிருக்க?"

"உங்ககிட்டதானே குடுத்தோம். பிடிச்சிருக்குன்னு ரெண்டு தடவை சொன்னீங்களாமே."

பின்னால் நகர்ந்தேன். கட்டிலின் விளிம்பு முதுகில் இடித்தது. அவள் கட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இந்த ஊரில் எந்தத் தச்சனும் சும்மா செதுக்கிக் கொடுப்பதில்லை. பணம் எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொண்டாள்.

"ஓ" என்றாள். "அப்ப ரெண்டு ராத்திரியா என் முடி மேலதான் படுத்திருக்கோம்."

கல்யாணம் வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "அப்பா கையடிச்சுக் குடுத்துட்டார். சொன்னா யார் கேப்பாங்க? உங்களுக்கு வேண்டியது என் தலைதானே, அதுமட்டும் என்னுதா இருந்துச்சு" என்றாள். அழவில்லை. நான்தான் அழுதேன். வெளியே சொல்லவும் முடியாது. முடிக்காரன் பெண்டாட்டி மொட்டை என்று தெரிந்தால் இந்தக் கரை முழுக்கச் சிரிக்கும்.

செப்டம்பர் 30

பாரிஸ் தரகருக்கு ஆள் அனுப்பினேன். எல்லாம் கலந்தாயிற்றாம், விற்றாயிற்றாம்.

டிசம்பர் 12

தீனாவும் இங்கேயே வேலைக்கு வந்துவிட்டாள். மாமாவுக்குச் சந்தோஷம், நல்ல வேலைக்காரி. இரண்டு பேரும் அடுப்படியில் சிரிக்கும்போது நான் போனால் சிரிப்பு நிற்பதில்லை. நிற்காததுதான் என்னவோ செய்கிறது.

பிப்ரவரி 8, 1885

வளர்கிறது. இன்று அவள் குனிந்து நெருப்பு ஊதும்போது பிடரியில் பார்த்தேன். ஒரு விரல் நீளம். அதே நிறம். "குளிருக்கு நல்லதுதானே" என்று என்னவோ உளறினேன். அவள் ஆமாம் என்றாள். ஆமாம் என்றாள்! இரண்டு வருஷம், மூன்று வருஷம் பொறுத்தால் தோளைத் தொடும். அந்தத் துணிச்சுருளை இரண்டு வாரத்துக்கு மேல் கையில் வைத்திருந்தவனுக்குப் பொறுக்கத் தெரியாதா. சந்தையில் கொம்புச் சீப்பு ஒன்று வாங்கி அவள் பெட்டிமேல் வைத்தேன். எடுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 20

நாளை ப்லெஸ்தேன் சந்தை. காலையில் வண்டி கட்டும்போது என் முக்காலியைக் காணோம். அடுப்படியில் இருந்தது. அதன்மேல் லெவெனெஸ், குல்லாய் இல்லாமல். தோளைச் சுற்றிச் சிவப்புப் பூத்துணி, பெரோஸில் நான் அளந்துகொடுத்தது. தீனா கதவோரம் என் கத்தரியோடு நின்றாள்.

"வருஷத்து முதல் தலை நம்ம வீட்டுதா இருக்கட்டும்" என்றாள் லெவெனெஸ்.

"வேணாம் லெவெனெஸ். சொல்றதைக் கேளு. விக்கிற அளவுக்குக்கூட இல்ல, ஒரு பிடி இருக்காது."

"விக்கறதுக்கா கேட்டேன்? நீங்க வெட்டலைன்னா தீனா வெட்டுவா. ஆனா இங்க இல்ல. ப்லெஸ்தேன்ல, உங்க வண்டிக்கு முன்னால, எல்லாரும் பாக்க."

வெட்டினேன். கொம்புச் சீப்பை அவளே எடுத்துக் கொடுத்தாள். மென்மையாகத்தான் இருந்தது, நான் நினைத்ததைவிட. முன்னால் இரண்டு விரல் அகலம் விட்டுவிட்டுக் கத்தரியைக் கீழே வைத்தேன். அவள் கையைத் தூக்கித் தடவிப் பார்த்தாள்.

"இதையும்."

அதையும் வெட்டினேன். நன்றாகவே வெட்டினேன், பழகின கை. தீனா கூட்டி அடுப்பில் போட்டாள். அந்த வாடை வண்டியிலும் கூடவே வந்தது.

"அடுத்த ஏப்ரல்ல மறக்காம கத்தரியைச் சாணை பிடிச்சிட்டு வாங்க. இழுக்குது" என்று வாசலில் நின்று சொன்னாள், மற்ற பெண்டாட்டிகள் மழைக்கு முன்னால் வீடு வந்து சேருங்கள் என்று சொல்வது போலவே.

ஏப்ரல் 21. ப்லெஸ்தேன்

வெயில். நல்ல கூட்டம். முதலில் வந்தவள் சின்னப் பெண், பழுப்பு முடி, பயம். முக்காலியில் உட்கார்ந்து குல்லாயை மடியில் வைத்துக்கொண்டாள்.

"முன்னால கொஞ்சம் விட்டுருவீங்கல்ல ஐயா? வீட்டுல தெரிஞ்சா..."

குல்லாய்க்குள்ளே என்ன இருக்கிறது என்று யார் பார்க்கப்போகிறார்கள் என்ற வசனத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"விடுறேம்மா" என்றேன். இரண்டு விரல் வைத்து அளந்து விட்டேன்.