கடைசி ரெக்கார்டு

ஸ்ரீவில்லிபுத்தூர்

மச்சானுக்கு ஸலாம்.

நேரத்துக்குச் சாப்பிடுறேன், கவலைப்படாதீங்க. ரியாத்துல வெயில் எப்படி?

மனசு மாறும், கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போன்னு எழுதியிருந்தீங்க. நீங்க வாங்கித் தந்த ஃபாக்ஸ்ப்ரோ புக்கை எடுத்துக்கிட்டு நேத்து ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். மகளை அடக்கம் பண்ணின பொறவு வாசலைத் தாண்டினது நேத்துதான்.

பழகுறதுக்காக நம்ம குடும்பத்தையே கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருந்தேன்ல, பேரும் வயசுமா ஆளுக்கொரு ரெக்கார்டு? முதல்ல நீங்க, பொறவு நான், கடைசில நம்ம மக மெகராஜ். அது அப்படியே இருந்துச்சு.

சார் பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியாது. "எல்லாரும் கடைசி ரெக்கார்டுக்குப் போய் டெலிட் கொடுங்க"ன்னாரு. எல்லாரோடயும் சேர்ந்து என் கையும் அடிச்சிருச்சு.

ஆனா பேரு போகலை மச்சான். பக்கத்துல ஒரு நட்சத்திரம் மட்டும் விழுந்துச்சு. டெலிட்னா அடையாளம் வைக்கிறது மட்டுந்தானாம், ரீகால் கொடுத்தாத் திரும்ப வந்துருமாம். புக்குலயே போட்டிருக்கு. கொடுத்தேன். நட்சத்திரம் போயிருச்சு, எம்மவ இருந்தா.

அடுத்து பேக்னு கமாண்ட் கொடுங்க, அடியோட அழிஞ்சிரும்னாரு. நான் எந்திரிச்சு வந்துட்டேன்.

நீங்க அவ முகத்தைப் பாக்க வராததைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கலை. லீவு தரலைன்னா நீங்கதான் என்ன செய்வீங்க.

ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவ வயசு அங்க நாலுன்னு இருக்கு. வர்ற மாசம் அஞ்சு. மாத்துறதுக்கு ரீப்ளேஸ்னு ஒரு கமாண்ட் இருக்கு.

கொடுக்கட்டுமா?

இப்படிக்கு,
அவ அம்மா