காலைக் கூட்டத்தில் சொன்னது

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

நீ போனை எடுப்பதில்லை. மணி அடித்தாலே பதறுகிறாய் என்று மாடி வீட்டு அம்மா சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன். ஆம்புலன்ஸ் அழைப்புகளை எடுக்கிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் வருவதுதான் இது. மேற்பார்வையாளராக நான் பார்க்காததா?

ஆபீஸ் மனநல ஆலோசகரிடம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தாய், முகமும் தெளிந்திருந்தது. திடீரென்று அவரையும் விட்டு, வேலைக்கும் வராமல் கதவைச் சாத்திக்கொண்டால் என்னடா அர்த்தம்? உன் லீவை நான் எவ்வளவு நாள்தான் நீட்டிக்கொண்டே போவது? வேளைக்குச் சாப்பிடு. இரண்டு வரியாவது எழுது.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

தெரியாத மாதிரி கேட்கிறாயே. ஆலோசகரிடம் போவதை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். நீ காலைக் கூட்டத்தில், "என் சொந்தத் தம்பியே போறான், உங்களுக்கு என்ன கூச்சம்?" என்று போட்டு உடைத்தாய்.

அன்றைக்கே ஒரு தாய், குழந்தைக்கு மூச்சில்லை என்று கதறினாள். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் அழைப்பைத் தன் பக்கம் மாற்றிக்கொண்டார். "உனக்கு வேணாம்ப்பா, நான் பாத்துக்கிறேன்." நல்ல மனுஷர்தான். அதற்குப் பிறகு கால் சுளுக்கு மாதிரி சின்ன அழைப்புகளை மட்டும்தான் எனக்குத் தந்தார்கள். இப்போது போன் அடித்தால் அவர்கள்தான், ஆறுதல் சொல்ல. அதனால் எடுப்பதில்லை.

தம்பி

மார்ச் 13

என் கண்ணே,

படித்துவிட்டு ஆபீசிலேயே அழுதேன். சத்தியமாக நல்லதென்று நினைத்துத்தான் சொன்னேன். நான் சொன்ன பிறகு சிலர் ஆலோசகரிடம் போனார்கள். உன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. உன்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டுமென்று என் புத்திக்கு உறைக்கவில்லை.

நாளைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். மாதக் கடைசி ஞாயிறு வருகிறேன், கதவைத் திற.

மனசு ஆறாத
அக்கா

மார்ச் 20

அக்கா,

மன்னிப்பையும் கூட்டத்திலேயே கேட்டுவிட்டாயாம். மறுநாளே ஆபீசிலிருந்து இரண்டு பேர் பழங்களோடு வந்து நின்றார்கள்.

என்னைப் பற்றிப் பயப்படாதே. வெளியே ஒரு டாக்டரைப் பார்க்கிறேன். தூக்கம் வருகிறது. வேறு மேற்பார்வையாளரிடம் மாற்றல் கேட்டிருக்கிறேன். கிடைத்தால் வேலைக்கு வருவேன்.

நேற்று டாக்டர், "மனசு விட்டுப் பேச உங்களுக்கு யார் இருக்காங்க?" என்று கேட்டார். சின்ன வயதிலிருந்து எனக்கு நீதானே எல்லாம். உன்னைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். "யாரும் இல்ல டாக்டர்" என்று வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வராதே.

தம்பி