மேல்மாடியில் நாங்கள் இரண்டு பேர்

அக்கா,

எஸ்கலேட்டரைக் கழற்றுகிறார்கள். அதன் வயிற்றுக்குள் இத்தனை காலமும் காய்ந்து கிடந்த கிறீஸ் வாசம் காலையிலிருந்து என் கடைக்குள் நிற்கிறது. ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தேன், போகவில்லை. கழற்றிய படிகளைச் சுவரோரம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நீங்கள் கடைசியாகக் குந்தியிருந்த படி எதுவென்று பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.

நான் இப்போது மேலே இல்லை. கீழ்த்தளத்தில், வாசலுக்குப் பக்கத்தில், சின்னதாய் ஓர் இடம் தந்திருக்கிறார்கள். சப்பாத்துகளில் பாதியைத்தான் அடுக்க முடிந்தது.

இந்தக் கடைத்தொகுதி திறந்த புதிதில் யாழ்ப்பாணத்துச் சனம் சாமான் வாங்கவா வந்தது? இந்தப் படியில் ஏறி இறங்கத்தானே வந்தது. நீர்வேலியிலிருந்தும் உடுவிலிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வான் பிடித்து வந்தார்கள். படி முடிகிற இடத்தில் உங்களுடைய சின்னப்பிள்ளை உடுப்புக்கடை. பக்கத்தில் என் சப்பாத்துக்கடை. பயந்து பயந்து ஏறி வருகிறவர்களுக்கு நீங்கள் ஓடிப்போய்க் கை கொடுப்பீர்கள். உங்கள் ஊர்க் கடற்கரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி கீழே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஏறப் பார்த்தது நினைவிருக்கிறதா?

"அம்மா, செருப்பைப் போட்டுக்கொண்டு ஏறுங்கோ. இது கோயில் இல்லை," என்று மேலே இருந்து சத்தம் போட்டீர்கள்.

"இவ்வளவு பளபளப்பாய்க் கிடக்கு, மிதிக்க மனம் வருகுதில்லைப் பிள்ளை," என்றாள் அவள்.

நீங்கள் இறங்கிப்போய் அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அவளுக்குப் பின்னால் நின்று ஏறி வந்தீர்கள். அன்று அவள் தன் பேத்திக்கு உங்களிடம் ஒரு மஞ்சள் சட்டை வாங்கினாள்.

பிறகு சனம் குறைந்ததை நாங்கள் ஒரேயடியாக உணரவில்லை. முதலில் மூலையிலிருந்த வாழ்த்து அட்டைக்கடை பூட்டியது. பிறகு கைப்பைக்கடை, பிறகு கண்ணாடிக்கடை. மின்வெட்டுக் காலத்தில் எஸ்கலேட்டரை நிறுத்தினார்கள். கரண்ட் வந்த பிறகும் அதை ஓடவிடவில்லை. பின்பக்கப் படிக்கட்டில் பழைய தளபாடங்களை அடைத்து வைத்திருந்தபடியால், நின்றுபோன எஸ்கலேட்டரில்தான் எல்லோரும் கால்நடையாக ஏறினோம். ஒவ்வொரு படியும் உயரம். வயதான ஆட்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இளம் பிள்ளைகள் வருவார்கள். சப்பாத்தைப் போட்டு நடந்து பார்ப்பார்கள், அளவைப் பார்ப்பார்கள், போனில் படம் எடுத்துக்கொண்டு, ஓன்லைனில் வாங்கப் போய்விடுவார்கள். எனக்கு ஆத்திரம் வரும்.

"எடுக்கட்டும் விடு பிள்ளை," என்பீர்கள். "இவ்வளவு தூரம் ஏறி வந்ததே பெரிய விசயம்."

நீங்களும் போனில் வீடியோ போட்டு விற்கப் பழகினீர்கள். கடைக்குள் நின்று ஒவ்வொரு சட்டையாகத் தூக்கிக் காட்டிக் கதைக்க, எங்கெங்கோ இருந்து ஆட்கள் கேட்டார்கள். பின்னேரத்தில் ஸ்கூட்டியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவீர்கள். கடையில் விற்றதைவிட அதில்தான் கூட விற்றது. அப்படியென்றால் இந்த மாடியில் ஏன் இருக்கிறீர்கள், வீட்டிலிருந்தே செய்யலாமே என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"வீட்டிலை இருந்தால் ஆரோடையடி கதைக்கிறது?" என்றீர்கள்.

அது தீபாவளிக்கு முந்திய வாரம். கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்த உடுப்புப் பெட்டியை எடுக்கக் கீழே போனீர்கள். தனியத்தான் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். பாதி வழியில் ஒரு படியில் குந்திவிட்டீர்கள்.

"என்னக்கா, இருந்திட்டியள்?"

"கொஞ்சம் மூச்சு வாங்குது. நீ போ, கடையிலை ஆள் நிக்குது."

ஆள் நின்றது உண்மைதான். ஒரு தகப்பன், மகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க வந்திருந்தார். பிள்ளைக்கு லேஸ் கட்டிவிட்டு நான் திரும்பி வந்தபோது, நீங்கள் பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தீர்கள். நான் கூப்பிட்டேன். அந்தத் தகப்பன்தான் முதலில் இறங்கி ஓடினார். ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள்.

செத்தவீட்டில் எனக்கு அழுகை வரவில்லை, அக்கா. கனடாவிலிருந்து வந்த உங்கள் மகள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவள் வாசலில் கழற்றிவிட்டிருந்த சப்பாத்தின் பக்கிள் தளர்ந்திருந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் கடையைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று கேட்டால், திறக்கிற நேரம் வந்தது, திறந்தேன். மேல்மாடியில் என் கடையில் மட்டும் வெளிச்சம் இருந்தது.

தைப்பொங்கல் முடிந்து மனேஜர் ஏறி வந்தார்.

"மேல்மாடி முழுக்கப் பார்சல் கொம்பனிக்குக் குடுக்கப்போறம் அக்கா. ஓன்லைனிலை வாற சாமான் அடுக்கி வைக்க. உங்களுக்குக் கீழை ஒரு சின்ன இடம் தரலாம்."

"ஓம்," என்றேன்.

நான் சண்டை பிடிப்பேன் என்று நினைத்து வந்திருப்பார் போல. இறங்கப் போனவர் திரும்பிச் சொன்னார்: "கீழ்த்தளமும் எவ்வளவு காலத்துக்கு எண்டு சொல்லேலாது அக்கா. முதலாளி விக்கவும் யோசிக்கிறார்."

அதற்கும் ஓம் என்றேன். உங்கள் கடையில் மிஞ்சிய சட்டைகளை உங்கள் மகள் பிள்ளைகள் இல்லம் ஒன்றுக்குக் கொடுத்தாள். சுவரில் கொளுக்கிகள் மட்டும் அப்படியே இருந்தன. இப்போது அவற்றை மறைத்துப் பெட்டிகள் நிற்கின்றன. சாமான் ஏற்றி இறக்கப் பின்பக்கத்தில் லிப்ட் போடுகிறார்கள். அதனால் எஸ்கலேட்டர் தேவையில்லையாம்.

ஒன்று மட்டும் என்னோடு கீழே வந்துவிட்டது. மேல்மாடியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் மிஞ்சிய காலத்தில், ஒரு பின்னேரம் நீங்கள் பூட்டிவிட்டு இறங்கிய பிறகு கரண்ட் போனது. இருட்டுக்குள் நான் வாசலைத் தடவிக்கொண்டு நிற்க, போன் வெளிச்சத்தோடு திரும்பி ஏறி வந்தீர்கள். "இனி ஆளையாள் தனிய விட்டிட்டுப் போறேல்லை. சொல்லிப்போட்டுத்தான் கடை சாத்த வேணும்," என்றீர்கள். அன்றிலிருந்து, "நான் சாத்தப்போறன்" என்று ஒருவர் குரல் கொடுத்தால் மற்றவரும் எழும்பிவிடுவோம்.

கீழே வந்த முதல் நாளே எனக்கு அது வாயில் வந்துவிட்டது. எதிரே போன் திருத்தும் கடை வைத்திருக்கிறவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னட்டையோ சொன்னனீங்கள் அன்ரி?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல. அடுத்த நாளும் சொன்னேன். ஒவ்வொரு நாளும் அவர் தலையை ஆட்டுவார், நான் பூட்டிவிட்டுப் போவேன்.

இன்று வேலைக்காரர்கள் போன பிறகு நான் கடைக்குள் சும்மா இருந்தேன். நேரம் போனது தெரியவில்லை. எதிர்க்கடையில் லைட் அணைந்தது.

"அன்ரி, நான் சாத்தப்போறன்," என்று குரல் வந்தது.

"ஓம், வாறன்," என்று எழும்பினேன். நான் பூட்டி முடிக்கும்வரை அவர் வாசலில் நின்றார்.