எழுதாமல் விட்ட நான்கு நிமிடம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டுதான் தொடங்குகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, ஆனால் லிஃப்ட் பத்து நாளாக ஓடவில்லை, மூன்று மாடி இறங்கப் பயந்து வீட்டிலேயே உட்கார்ந்து என்னைக் குறை சொல்லிப் பொழுதைப் போக்குகிறார். இதைப் போனில் சொல்லலாம்தான். சொல்ல ஆரம்பித்தால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை நீ மாமாவுக்கு அனுப்பிய செய்தியை அவன் என்னிடம் காட்டினான். சபைல உங்க வாய்க்கு யாரு பூட்டுப் போட்டது, இனிமே எங்கிட்ட பேசாதீங்க என்று எழுதியிருந்தாய். உன் கோபம் நியாயம்தான், ஆள்தான் தப்பு.

இந்த வாரம் சட்டசபை நடந்த லட்சணத்தைக் கேள். திங்கட்கிழமை மசோதாவைக் கொண்டுவந்தார்கள், இருபது படுக்கைக்குக் குறைவான அரசு மருத்துவமனைகளை மூடிப் பெரிய மருத்துவமனைகளோடு சேர்த்துவிடுவதாம். மாமா தொகுதியில் இருப்பது பதினொரு படுக்கை. அதை விட்டால் அடுத்தது ஒன்றரை மணி நேரப் பயணம், வலி எடுத்தவளுக்கு அந்த ஒன்றரை மணி நேரம் என்னவென்று நர்ஸ் வேலை பார்க்கிற உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை எதிர்க்கட்சிக்காரர்கள் வெளிநடப்பு செய்தார்கள், தேநீர் குடித்துவிட்டு வந்தார்கள், மறுபடி வெளிநடப்பு செய்தார்கள். புதன்கிழமை ஓர் உறுப்பினரின் நாற்காலியைப் பின்வரிசைக்கு மாற்றியது யார் என்று சண்டை. நாற்காலிக்கு நான்கு மணி நேரம், மருத்துவமனைகளுக்கு வியாழக்கிழமை மத்தியானம் இருபத்தைந்து நிமிடம். இந்தக் கூத்தையெல்லாம் ஒரு சொல் விடாமல் சுருக்கெழுத்தில் எழுதியவள் உன் அம்மா.

மாமா ஆளுங்கட்சி. எதிர்த்துப் பேசினால் அடுத்த தேர்தலில் சீட்டு கிடையாது என்று கொறடா கூப்பிட்டே சொல்லிவிட்டார். இவன் என்னடா என்றால் போன ஞாயிற்றுக்கிழமையே மருத்துவமனை வாசலில் நின்று, நான் பேசுவேன், சபைக் குறிப்புல அச்சாகி வரும், நீங்களே படிச்சுப் பாருங்க என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். சபாநாயகர் மேடைக்குக் கீழே எங்கள் மேசை இருப்பதும், ஐந்து ஐந்து நிமிடமாக முறை மாற்றி எழுதுவதும் உனக்குத் தெரியும். சொந்தக்காரர் பேச எழுந்தால் முறையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பது எங்களுக்குள் ஒரு வழக்கம், எந்த விதியிலும் இல்லை. அன்று மாமா கையைத் தூக்கியதும், எனக்கு முந்தின முறை எழுதிய எங்கள் சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர், நீங்க எழுந்திருங்க மேடம், நான் எழுதறேன் என்று காதோடு சொன்னார். நான் மறுத்துவிட்டேன். கர்வம்தான், வேறென்ன. என் தம்பி பேச்சை நான் எழுதாமல் யார் எழுதுவது என்று தோன்றியது. அவர் தன் பங்கைத் தட்டச்சு செய்ய உள்ளே போய்விட்டார்.

மாமா வணக்கம் சொல்லி இரண்டு வாக்கியம் பேசியதுமே அவன் மைக்கை நிறுத்திவிட்டார்கள். கேமராவைச் சபாநாயகர் பக்கம் திருப்பிவிட்டார்கள், அதனால்தான் டிவியில் பார்த்த உனக்கு அவன் பேசியது தெரியவில்லை. அவன் கட்சிக்காரர்களே மேசையைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள். ஒலிப்பதிவில் மைக் வழியாகப் போவதுதான் பதியும். ஆனால் குறிப்பிலிருந்து நீக்கு என்று சபாநாயகர் சொல்லவில்லை. அவர் சொல்லாதவரை, மைக் இல்லாவிட்டாலும் எங்கள் காதில் விழுந்தது குறிப்பில் ஏறியாக வேண்டும். அவன் எனக்கு மூன்று முழ தூரத்தில்தான் நின்றான். போன மழையில் பாலம் மூழ்கிய அன்று அந்தப் பதினொரு படுக்கையில் இருபத்தாறு பேர் கிடந்ததைச் சொன்னான், ஒரே கட்டிலில் இரண்டு கர்ப்பிணிகள் தலைமாடு கால்மாடாகப் படுத்திருந்ததைச் சொன்னான், அதில் ஒருத்தியின் பிள்ளை இப்போது நடக்கிறது என்று சொன்னான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் நாலு வரி ஒப்பிக்கச் சொன்னால் பயந்து என் வகுப்புக்கு ஓடி வந்துவிடுவான். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். நாங்கள் பேச்சைக் கேட்பதே இல்லை கண்ணு, காதில் விழுவது நேரே கைக்குப் போய்விடும், மனசில் தங்காது. இருபத்தெட்டு வருடத்தில் அன்றுதான் உட்கார்ந்து கேட்டேன். அடுத்த முறைக்காரி வந்து மேசையைத் தொட்டபோது குனிந்து பார்த்தால், அந்த முதல் இரண்டு வாக்கியத்துக்குக் கீழே பக்கம் வெறுமையாக இருக்கிறது. பேனா நின்ற இடத்தில் மை ஊறியிருந்தது.

தட்டச்சு அறையில் உட்கார்ந்தபோது அவன் சொன்னதெல்லாம் வரிசையாக நினைவில் இருந்தது. அடித்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் நாளைக்கு யாராவது ஆட்சேபித்தால் நோட்டைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள், வெற்றுப் பக்கத்தைக் காட்டி, தம்பிக்காக அக்கா இட்டுக்கட்டிவிட்டாள் என்பார்கள், அவன் நிஜமாகப் பேசியதும் பொய்யாகிவிடும். அவனுடைய இரண்டு வணக்க வாக்கியங்களுக்குப் பிறகு அடைப்புக்குறிக்குள் இரைச்சல் என்று ஒரு சொல் அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அது இரைச்சல் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கையால்தான் இதையும் எழுதுகிறேன்.

உன் செய்தியைக் காட்டியபோது அவன் சிரித்தான். விடுக்கா, திங்கக்கிழமை குறிப்பு வரட்டும், அவளே படிச்சுப்பா என்றான். அப்போதே சொல்லியிருக்க வேண்டும், மென்று முழுங்கிவிட்டேன். நேற்று மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க வந்தான், தொகுதியில் கொடுப்பதற்கு ஐம்பது பிரதி வேண்டும் என்று கேட்டான். சொல்லிவிட்டேன். அவன் திட்டியிருந்தால் தேவலை. தன் உள்ளங்கையைப் பார்த்தபடி, அப்ப நான் பேசலைக்கா என்றான். அவ்வளவுதான். அப்பா கூப்பிடக் கூப்பிட நிற்காமல் இறங்கிப் போய்விட்டான். சீட்டும் போயிற்று, பேச்சும் போயிற்று. நாளைக்கு அந்த வாசலில் போய் நின்று அவன் என்ன சொல்வான், சொன்னால்தான் யார் நம்புவார்கள்.

நாளைக்குச் செயலாளரிடம் நடந்ததை எழுதிக் கொடுக்கப் போகிறேன், என் வேலைக்கு என்ன ஆகுமோ ஆகட்டும். அதற்காகக் குறிப்பு மாறிவிடாது, பேசாததையும் சேர்க்க முடியாது, எழுதாததையும் சேர்க்க முடியாது என்று அங்கே ஒரே விதிதான். நீ இதை நினைத்து அங்கே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, வேலை முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. உன் கை பட்டவர்களெல்லாம் எழுந்து நடக்கட்டும், நீ நோய் நொடியில்லாமல் இரு. ஒன்றே ஒன்று மறக்காதே, இதைப் படித்து முடித்ததும் மாமாவைக் கூப்பிடு. என் போனை அவன் எடுக்கவில்லை, உன் போனை எடுப்பான். மன்னிப்பு கேட்பதெல்லாம் அப்புறம் இருக்கட்டும். சபைல என்ன பேசினீங்க என்று கேள், அவன் சொல்லச் சொல்ல நீ எழுதிக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா