எரியுது என்று சொல்லியிருக்கலாம்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீயும் தங்கச்சியும் குட்டிப்பெண்ணும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருக்கிறோம்.

கவர் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் இழுப்பறைக்குள் தள்ளிவிடாதே. போனை எடுக்காமல் இருப்பது சுலபம். பத்தொன்பது தடவை அடித்தேன், எண்ணிக்கொண்டுதான் அடித்தேன். கடிதம் அப்படியில்லை, அது வீட்டுக்குள்ளேயே கிடக்கும், நீ நடக்கும்போதெல்லாம் கண்ணில் படும். பள்ளிக்கூட ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாகக் கடிதம் தட்டிக்கொண்டிருப்பவளுக்கு இதுகூடத் தெரியாதா? மதிய இடைவேளை, அறையில் யாருமில்லை. உன் அண்ணனுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன்.

வீட்டுச் செய்தி என்று பெரிதாக ஒன்றுமில்லை. என் முட்டிவலி அப்படியே இருக்கிறது. நீ படித்த அறையில் ஒழுகிக்கொண்டிருந்த மூலையை உன் அண்ணன் போன வாரம் தானே மேலே ஏறிப் பூசிவிட்டார். கையும் காலும் நன்றாகத்தானே இருக்கிறது. நம் வழக்குக்கு வந்த கோளாறே அதுதான்.

நடந்ததெல்லாம் உனக்கும் தெரியும். ஆனாலும் முதலிலிருந்து வரிசையாக எழுதுகிறேன். வக்கீலம்மா அப்படித்தான் எழுதச் சொன்னார். நீ வந்து நின்றால், சொல்வதில் எதுவும் முன்னுக்குப் பின்னாகப் போகக் கூடாதாம்.

பதினான்கு மாதத்துக்கு முன்னால், சோப்புத் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடித்து உன் அண்ணன் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தார். முனையில் சரக்கு லாரிக்காரன் சிக்னல் போடாமல் இவர் பக்கம் ஒடித்தான். இவர் தூக்கி எறியப்பட்டுப் பின்மண்டை தரையில் அடித்தது. ஹெல்மெட் போட்டிருந்ததால் உயிர் தப்பியது. ஓர் எலும்புகூட முறியவில்லை, ஒரு தையல்கூட இல்லை. நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் மறுபிறவி என்றார்கள், நானும் ஆமாம் ஆமாம் என்று காபி போட்டுக் கொடுத்தேன். அதே வாரம் அடுப்பில் பால் தீய்ந்து பாத்திரம் கறுத்துக்கொண்டிருக்க, பக்கத்திலேயே நின்று ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார் உன் அண்ணன். நான் அவரைப் பார்த்துக் கத்தினேன். கண்ணு எங்க வச்சிருக்கீங்கன்னு கேட்டேன். கண்ணில் ஒன்றுமில்லை.

மண்டை குலுங்கியதில் மூக்குக்கு மேலே இருக்கிற நரம்பு இழைகள் அறுந்துவிட்டன என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். ஒரு வருஷத்துக்குள் வாசனை திரும்பாவிட்டால் இனி இல்லை என்றார். வருஷம் முடிந்தது.

வேறு யாருக்காவது போயிருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். உன் அண்ணனுக்கு அதுதான் சோறு. ஒவ்வொரு கொப்பரைச் சோப்புக் குழம்பும் அவர் குனிந்து முகர்ந்து தலையாட்டிய பிறகுதானே அச்சுக்குப் போகும்? எண்ணெயில் லேசாகச் சிக்கு வாடை இருந்தால் பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவாரே. சும்மாவா அங்கே எல்லோரும் மூக்கு மேஸ்திரி என்று கூப்பிட்டார்கள்? மூக்கு போனதை வேலையிடத்தில் மூன்று வாரம் சொல்லவில்லை மனுஷன். குனிவார், பழக்கத்தில் தலையாட்டுவார். கெட்டுப்போன சரக்கு ஒரு லோடு கடைகளுக்குப் போய்த் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு லேபிள் ஒட்டும் இடத்தில் போட்டுவிட்டார்கள், பாதிச் சம்பளத்துக்கு. இப்போது தினமும் ஒரு சோப்பைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டுகிறார், எப்படி இருக்கு என்று. நல்லாருக்குங்க என்பேன். நல்லாருக்குன்னா எப்படி நல்லாருக்கு என்று கேட்பார். எனக்கென்ன சொல்லத் தெரியும் தம்பி?

இன்னொன்று. இதை உனக்கு நான் சொன்னதேயில்லை. போன மழைக்காலத்தில் ஒருநாள் வேலை முடிந்து வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேஸ் வாடை குப்பென்று அடித்தது. அடுப்புத் திருகை எங்களில் யாரோ பாதி திறந்து விட்டிருக்கிறோம், நானாகத்தான் இருக்கும். உன் அண்ணன் உள்ளே நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். இருட்டிக்கொண்டு வருகிறது, லைட்டைப் போட எழுந்திருக்கிறார். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்தார். மூக்கு போனதாக நடிக்கிற மனுஷன் அதற்குள்ளேயா உட்கார்ந்திருப்பான்? நீயே சொல்லு.

சரி, நம் விஷயத்துக்கு வருகிறேன். நஷ்டஈடு கேட்டு நாங்கள் போட்ட வழக்கில், இடித்ததை லாரிக் கம்பெனி மறுக்கவில்லை. இடித்தது நிஜம், மூக்கு போனது பொய், வேலையில் செய்த தப்பை மறைக்க விபத்தைக் காட்டுகிறார் என்பதுதான் அவர்கள் கட்சி. தங்கள் டாக்டரை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று கேட்டார்கள், நீதிபதியும் சரி என்றார். அன்று சாயங்காலம் நான் உனக்குத்தான் போன் செய்தேன். காப்பீட்டு அலுவலகத்தில் இந்த மாதிரிக் கேஸ்களைத் தினம் பார்க்கிறவன் நீ. உன்னை விட்டால் எனக்கு யார்?

நீ சொன்னது ஒரு சொல் மாறாமல் என் காதில் இருக்கிறது. "அண்ணி, கடைசியில காட்டமா எதையாவது நீட்டுவாங்க. அண்ணன் மூஞ்சி சுளிச்சாருன்னா அவ்வளவுதான், கேஸ் படுத்துடும். எதை நீட்டினாலும் மூஞ்சி மாறக் கூடாது, பழக்கி விடுங்க." பழக்கினேன் தம்பி. அந்தப் பாவம் என்னுடையது, உன் தலையில் கட்ட மாட்டேன். சமையல்கட்டில் அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, வெட்டின வெங்காயம், பினாயில், கக்கூஸ் கழுவுகிற திரவம் என்று ஒவ்வொன்றாக மூக்குக்குக் கீழே பிடித்தேன். கண் கலங்குது, மறுபடியும் என்றேன். இமை துடிக்குது, மறுபடியும் என்றேன். சின்னப் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிற மாதிரி ஐந்து நாள்.

மூன்றாம் நாள் அவர் ஒன்று கேட்டார். "வாசனை சுத்தமா இல்லடி. ஆனா உள்ள சுருக்குன்னு எரியுது. எரியுதுன்னு சொல்லலாமா?" எனக்கும் குழப்பமாகிவிட்டது. உன்னிடமே கேட்டேன். "ஐயோ வேண்டாம் அண்ணி, எரியுதுன்னா வாசனை தெரியுதுன்னு எழுதிடுவாங்க. ஒண்ணுமே தெரியலன்னு ஒரே பேச்சா நிக்கச் சொல்லுங்க" என்றாய். நல்ல மனசோடுதான் சொன்னாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவரும் அப்படியே நின்றார். காபித்தூள், கிராம்பு, அவர் தொழிற்சாலையிலேயே செய்த சோப்பு, எல்லாவற்றுக்கும் தெரியல என்றார். அது நிஜம். கடைசியாக ஒரு சின்னப் புட்டியைத் திறந்தார்களாம், அம்மோனியா. மண்டைக்குள் கத்தி இறங்கின மாதிரி இருந்தது என்று வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார். ஆனால் உள்ளே தொடைக்குள் நகத்தைப் பதித்துக்கொண்டு, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, "ஒண்ணுமே தெரியலைங்க" என்றிருக்கிறார். எனக்குப் பெருமையாக இருந்தது தம்பி. அன்றைக்கு அவருக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

அறிக்கை வந்தது. அம்மோனியாவை நாம் உணர்வது வாசனையாக இல்லையாம், எரிச்சலாகவாம். அதற்கு வேறு நரம்பாம், உன் அண்ணனுக்கு அது அறுபடவே இல்லை. வாசனை நிஜமாகவே போனவன் எரியுது என்று துடிப்பான், நடிக்கிறவன்தான் ஒன்றுமில்லை என்பான். அதற்காகவே அந்தப் புட்டியை வைத்திருக்கிறார்கள். அறிக்கையின் கடைசி வரி: இவர் நடிக்கிறார்.

மறுநாள் எங்கள் பள்ளி வேதியியல் டீச்சரிடம் போய்க் கேட்டேன். ஆமாம்மா, அது எரிச்சல்தானே என்றார், எதையோ எழுதிக்கொண்டே. அவர் ஆய்வகத்துக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். ஐந்து நாளும் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, ஒரு வார்த்தை எட்டிக் கேட்கத் தோன்றவில்லையே எனக்கு. செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

போன விசாரணையில் நீதிபதி அறிக்கையைப் படித்துவிட்டு, உன் அண்ணனிடம் நேராகவே கேட்டார். இப்படிச் சொல்லும்படி யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்று. கோபமாகக் கேட்கவில்லை, ஒரு வழி விட்டுத்தான் கேட்டார். உன் அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? "யாரும் இல்லைங்க. நானாத்தான் செஞ்சேன்." பின்பெஞ்சில் இருந்த நான் எழுந்துவிட்டேன். உட்காரும்மா என்று சேவகர் அதட்டினார். உட்கார்ந்துவிட்டேன். ஊரில் எல்லோரிடமும் வாய் நீளுகிற நான், அங்கே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன் பார், அதுதான் என்னை அறுக்கிறது. வெளியே வந்து ஏன் அப்படிச் சொன்னீங்க என்று சண்டை போட்டேன். "தம்பி பேரு வந்தா அவன் வேலை போயிடும்டி. இப்பத்தான் குழந்தை பிறந்திருக்கு" என்றார்.

இப்போது வழக்கைத் தள்ளுவதோடு விடப்போவதில்லையாம். பொய் சொல்லி நஷ்டஈடு கேட்டார் என்று அவர் மேலேயே திருப்பி வழக்குப் போடப் போகிறார்கள். தொழிற்சாலையிலும் காதும் காதும் வைத்த மாதிரிப் பேச்சு ஓடுகிறது. லேபிள் ஒட்டுகிற வேலையும் எத்தனை நாளோ. மூக்கு போன மனுஷனுக்கு மூக்கு போகவில்லை என்று ஊரே எழுதிக் கொடுக்கப் போகிறது.

வக்கீலம்மா சொல்வது இதுதான். நான் போய்ச் சொன்னால் எடுபடாது, நஷ்டஈடு வந்தால் சாப்பிடப் போகிறவள் வேறென்ன சொல்வாள் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். சொல்லிக் கொடுத்தவனே வந்து, எரியுது என்று அவர் சொல்ல நினைத்ததையும் நான்தான் வேண்டாம் என்றேன் என்று சத்தியம் செய்து சொன்னால், நீதிபதி காது கொடுப்பார். வேறு டாக்டரை வைத்து மறுபடியும் சோதிக்கக் கேட்கலாம். உன் வேலைக்கு ஒன்றும் வராது என்று வக்கீலம்மா உறுதி சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். உன் வீட்டில் உலை கொதிப்பது அந்த ஆபீஸ் மேசையால்தான் என்று எனக்குத் தெரியாதா?

ஆனால் உன் பயம் வேலைக்காக மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். போன வாரம் தங்கச்சி போனை எடுத்தாள். தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அவருக்கு என்ன நினைக்கிறதுன்னே தெரியலக்கா. மாமா அன்னைக்குக் குழந்தையை மோந்து பார்த்துட்டு, பால் வாசனைன்னு சொன்னாங்களே." உனக்கும் சந்தேகம் வந்துவிட்டதா தம்பி?

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குழந்தைக்கு மூன்று மாதம், பார்க்க உன் வீட்டுக்கு வந்திருந்தோம். நீ அவளைக் கொண்டுவந்து உன் அண்ணன் மடியில் வைத்தாய். அவர் குனிந்து உச்சி முகர்ந்தார். "அதே பால் வாசனைடா, நீ பிறந்தப்ப தூக்கினேனே, அப்படியே உன் வாசனை" என்றார். உன் கண் கலங்கியது, நான் பார்த்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டே வந்தார். நாலு ஊர் தாண்டினதும் சொன்னார். "ஒண்ணுமே வரலடி. குழந்தை மேல ஒண்ணுமே வரல. தம்பி ஆசையா பார்த்துக்கிட்டு நிக்கிறான், நான் என்ன சொல்லட்டும்?" சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இருபத்தாறு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

குழந்தையிடம் ஒருமுறை, நீதிபதியிடம் யாரும் இல்லைங்க என்று ஒருமுறை நடித்திருக்கிறார். இரண்டும் உனக்காக.

எனக்கு உன் மேல் கோபம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். பத்தொன்பது தடவை அடித்தும் எடுக்காத கோபம். ஆனால் இந்தக் கடிதத்தைக் கோபத்தில் எழுதவில்லை. பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை, காலை பத்தரைக்கு விசாரணை. கோர்ட் மாடியில் ஆறாம் எண் அறை. படிக்கட்டுக்குக் கீழே காத்திருப்பேன். உன் அண்ணனிடம் சொல்லவில்லை, சொன்னால் உன்னை வரவிடாமல் செய்துவிடுவார். வந்தால் என் தம்பியாக வா. வர முடியாவிட்டால், அதற்காக உன்னைச் சபிக்க மாட்டேன். அவருக்கும் சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், வந்தாலும் வராவிட்டாலும் செய். குட்டிப்பெண் தூங்கி எழுந்ததும் அவள் உச்சியை நீ ஒருமுறை நன்றாக முகர்ந்து பார். எப்படி இருக்கிறது என்று எழுதிப் போடு. நல்லாருக்கு என்று மட்டும் எழுதாதே, அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். பார்த்துப் பார்த்து எழுது. உன் அண்ணனுக்கு நான் படித்துக் காட்ட வேண்டும்.

குழந்தை நூறு வயசு இருக்கட்டும்.

உன் வழியைப் பார்த்திருக்கும்
அண்ணி